டயர் செக் பண்ணணும்!

ஒரு சின்ன டெஸ்ட். கண்ணை மூடிக்கிட்டு 'சஃபாரி'னு மூணு தடவை சொல்லுங்க. என்ன தெரியுது? கூரை திறந்த வண்டி, கழுத்துல பைனாகுலர், பிடரி சிலுப்பற சிங்கம், பின்னாடி செக்கச் செவேல்னு சூரியன்... கரெக்டா?

எனக்குத் தெரியறது ஒரு மடக்கு நாற்காலி. உட்கார்ற இடத்துல வட்டமா ஓட்டை போட்ட நாற்காலி.

சிரிச்சு முடிச்சாச்சா? சரி, இப்ப கதைக்கு வருவோம்.

காலேஜ்ல மூணு வருஷமும் எனக்கு ஒரே ரூம்மேட். சின்ன வயசுல போலியோ வந்து அவளுக்கு இடது கால் சூம்பிப் போச்சு. காலிப்பர் மாட்டி, ஒரு ஊன்றுகோல் பிடிச்சு நடப்பா. உங்க செட்ல போலியோ வந்த கிளாஸ்மேட்டைப் பார்த்திருக்க மாட்டீங்க. இந்தியாவுல கடைசியா ஒரு குழந்தைக்கு அது வந்தது 2011 ஜனவரியில. 2014 மார்ச்ல 'போலியோ இல்லை'னு சான்றிதழே வாங்கியாச்சு. ஆனா எங்க செட்ல அது சகஜம்.

அவ செம வாலு. ஹாஸ்டல் சாம்பாரைக் கரண்டியால கலக்கிட்டு, "அடியில ஒரு பருப்பு தெரியுதுடி... யாராவது காப்பாத்துங்க"னு கத்துவா. காட்டு மிருகம்னா உயிர். சிறுத்தைக்கும் சிவிங்கிப்புலிக்கும் வித்தியாசம் தெரியாதவங்களோட பேசவே மாட்டா. அப்படிப்பட்டவ, மூணாவது வருஷம் முதுமலைக்கு டூர்னு அறிவிச்சப்ப முதல் ஆளா பணம் கட்டினா. கிளம்பற அன்னிக்குக் காலையில போர்வையை இழுத்து மூடிக்கிட்டுச் சொன்னா: "ஜுரம்டி. நீங்க போயிட்டு வாங்க."

நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன். சுடலை. பஸ் ஹாரன் அடிச்சது. நான் ஓடிட்டேன். வரும்போது அவளுக்கு ஒரு யானை கீ செயின் வாங்கிட்டு வந்தேன்.

முதல் வருஷம் டூருக்கும் ஜுரம். ரெண்டாவது வருஷமும் ஜுரம். மூணு டூர், மூணு ஜுரம். எனக்கு ஒரு தடவைகூட சந்தேகம் வரலைங்கறதுதான் இந்தக் கதையில மோசமான விஷயம்.

அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை குட்டினு ஆளுக்கு ஒரு பக்கம். ரெண்டு பேருக்கும் நாற்பதைத் தொட்ட பிறகு ஒருநாள் போன் பண்ணினா. "காலு வர வர சரியா வேலை செய்ய மாட்டேங்குது. டாக்டர் போலியோவோட பின்விளைவுங்கறார். கொஞ்ச தூரத்துக்கு மேல வீல்சேர்தான். அதுக்குள்ள ஒரு சிங்கத்தைப் பார்த்துடணும். வர்றியா?"

ரெண்டு வருஷம் காசு சேர்த்தோம். ஒரு ஆகஸ்ட் மாசம் கென்யாவுல போய் இறங்கினோம். மசாய் மாரா!

காக்காவும் டாடாவும்

நைரோபியில எங்களைக் கூட்டிட்டுப் போக வந்த டிரைவர் கம் கைடு, வந்ததும் வராததுமா என் ரூம்மேட்டைப் பார்த்து "டாடா!"ன்னார். 'என்னடா இது, ஏறறதுக்கு முன்னாடியே டாடா காட்டறார்'னு முழிச்சோம். ஸ்வாஹிலியில 'டாடா'ன்னா அக்கா, தங்கச்சியாம். அப்ப உங்களை எப்படிக் கூப்பிடணும்னு கேட்டா, "காக்கா." அதுக்கு அர்த்தம் அண்ணன், தம்பி. அன்னியிலேர்ந்து அவர் எங்களுக்குக் காக்கா. சஃபாரிங்கறதும் ஸ்வாஹிலிதான். 'பயணம்'னு அர்த்தம், அவ்வளவுதான். மிருகமெல்லாம் நாம சேர்த்துக்கிட்டது.

நைரோபியிலேர்ந்து மாராவுக்கு நரோக் வழியா அஞ்சாறு மணி நேரம். வழியில ரிஃப்ட் பள்ளத்தாக்கு தெரியற இடத்துல காக்கா வண்டியை நிறுத்தினார். நான் இறங்கி பாத்ரூம் போயிட்டு வந்தேன். "நீ?" "எனக்கு வரலை." நரோக்ல திரும்ப நிறுத்தினார். அங்கே டாய்லெட்டுக்கு மூணு படி. உள்ளே குத்த வைக்கிற டைப். அவ எட்டிப் பார்த்துட்டு, "வரலைடி"ன்னா. அதுக்கப்புறம் ரோடு ரோடா இல்லை. குலுக்கு குலுக்குனு குலுக்கினது. இதுக்கு கைடுங்க வெச்சிருக்கற பேரு 'ஆப்பிரிக்கன் மசாஜ்'!

கேம்ப் போய்ச் சேர்ந்ததும் அவளுக்கு மண்டையைப் பொளக்கற தலைவலி. ராத்திரி ரெண்டு தடவை வாந்தி. நான் பெரிய டாக்டர் மாதிரி, "நைரோபியே ஏற்காட்டை விட உயரம்டி. மலை ஏத்தம் ஒத்துக்கலை"ன்னேன்.

காக்கா வண்டியிலேர்ந்து அவ ஸ்டீல் பாட்டிலை எடுத்துட்டு வந்தார். ஆட்டிப் பார்த்தார். காலையில நிரப்பின தண்ணி அப்படியே கழுத்து வரைக்கும் இருந்தது. என்கிட்டே ஒண்ணும் சொல்லலை. அவளைப் பார்த்துக் கேட்டார்:

"டாடா, நாளைக்கு எத்தனை மணிக்கு ஒரு தடவை டயர் செக் பண்ணணும்?"

ரெண்டு பேரும் முழிச்சோம். காட்டுல யாருக்காவது அவசரம்னா 'டயர் செக் பண்ணணும்'னு சொல்றது சஃபாரி பாஷையாம். வண்டியை நிறுத்தி, வண்டிக்குப் பின்னாடி போய்... டயரைப் பார்த்துட்டு வர்றது! பஸ்ல போறவங்க 'குச்சிம்பா டாவா'ன்னும் சொல்வாங்களாம். 'மருந்து தோண்டப் போறேன்'னு அர்த்தம். நம்ம ஊர்ல 'ஒதுங்கறது'னு சொல்றோமே, அதுக்கு அண்ணன் முறை.

"இருபது வருஷமா வண்டி ஓட்டறேன். தண்ணி குடிக்காம வர்ற ஆளைப் பார்த்தாலே தெரிஞ்சுடும். நீங்க தண்ணி குடிங்க. டயர் என் பொறுப்பு"ன்னுட்டுப் போயிட்டார்.

அவர் போனதும் அவ பேசினா.

"காலேஜ் டூர்னா முந்தின நாள் மத்தியானமே தண்ணியை நிறுத்திடுவேன். அப்படி ஒரு தடவை ஸ்கூல்ல போய் மயங்கி விழுந்திருக்கேன். பஸ்ஸை ரோட்டோரமா நிறுத்துவாங்க. பசங்க ஒரு பக்கம், பொண்ணுங்க ஒரு பக்கம் புதர்ப் பக்கமா ஓடுவீங்க. காலிப்பரோட எனக்குக் குத்த வைக்க முடியாது. ஒருத்தர் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் மறைச்சுக்கணும். யார்கிட்டே போய் கேக்கறது? அதான் ஜுரம்."

"என்கிட்டே கேட்டிருக்கலாமேடி?"

"நீ கேட்டிருக்கலாமே? மூணு தடவை நெத்தியைத் தொட்டுப் பார்த்தே. ஒரு தடவை 'ஏன்டி?'னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

கென்யாவுக்கு வந்து, இருபது வருஷம் கழிச்சு, ஒரு கூடாரத்துல உட்கார்ந்து நான் அழுதேன். அவ எனக்கு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தா.

டிஷ்யூ எடுத்த பையில என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? பெரியவங்களுக்கான டயபர், ஒரு சிலிக்கான் புனல், உள்ளே பவுடர் போட்ட பைகள்... "எல்லாம் ஆன்லைன்ல வாங்கினேன். ஆனா சிங்கம் பார்க்க வந்துட்டு டயபர் போடணுமானு ரோஷம்"ன்னா.

ரோஷப்படறவங்களுக்கு ஒரு தகவல். 1961 மே 5. அமெரிக்காவோட முதல் விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட். பறக்கப் போறது பதினஞ்சே நிமிஷம், இதுக்கு எதுக்கு டாய்லெட்னு யாரும் யோசிக்கலை. ராக்கெட் கிளம்பறது தள்ளிப் போய்க்கிட்டே இருந்தது. உள்ளே மணிக்கணக்கா மல்லாக்கப் படுத்திருந்த மனுஷன், வேற வழியில்லாம பர்மிஷன் கேட்டு விண்வெளி உடுப்புக்குள்ளேயே போனார். அப்புறம் போய் சரித்திரம் படைச்சார். இன்னிக்கும் விண்கலத்துக்கு வெளியே வேலை செய்யற வீரர்கள் டயபர் மாதிரி ஒண்ணைப் போட்டுக்கிட்டுதான் போறாங்க. அவங்களுக்கு ரோஷம் இல்லையா என்ன?

தண்ணி குடிக்காம இருந்தா என்ன ஆகும்?

இந்த டெக்னிக்கை நிறைய பேர் பண்றீங்க, தெரியும். கால் நல்லா இருக்கறவங்களும்தான். லாங் டிரிப்னா பொண்ணுங்க தண்ணி பாட்டிலையே தொடறது இல்லை. அதனால கொஞ்சம் பயாலஜி.

நம்ம சிறுநீர்ப்பை சுமாரா 400, 500 மில்லி பிடிக்கும். பாதி நிறையறதுக்கு முன்னாடியே 'லேசா வருதே'னு சிக்னல் கொடுக்க ஆரம்பிச்சுடும். தண்ணி குடிக்கலைன்னா சிக்னல் வராதுனு நினைக்கறோம். நடக்கறது வேற. சிறுநீர் கெட்டியாகி, பையோட உள்சுவரை எரிச்சல்படுத்தும். கொஞ்சமா இருந்தாலும் அவசரமா வர்ற மாதிரி இருக்கும். அடக்கி வெச்சா கிருமி பெருகும், இன்ஃபெக்‌ஷன் வரும். மலச்சிக்கல், தலைவலி எல்லாம் இலவச இணைப்பு. உயரமான, காத்து வறண்ட இடத்துல இதெல்லாம் இன்னும் சீக்கிரம்.

முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு விஷயம் இன்னும் சீரியஸ். நடு மார்பு மட்டத்துலயோ அதுக்கு மேலயோ அடிபட்டிருந்தா, சிறுநீர்ப்பை ரொம்ப நிறைஞ்சாலே ரத்த அழுத்தம் தாறுமாறா எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். அவங்களுக்கு டயர் செக் பண்றது சௌகரியம் இல்லை, மருத்துவம். 'குச்சிம்பா டாவா'னு சும்மாவா பேர் வெச்சாங்க!

சரியான வழி என்னன்னா, மடமடனு ஒரு பாட்டில் குடிக்காம, வாய் வாயா நாள் பூரா குடிக்கணும். வருதோ வரலையோ, ரெண்டு மூணு மணிக்கு ஒரு தடவை போயிடணும். விடியக்காலம் சஃபாரி கிளம்பறதுக்கு முன்னாடி காபி, டீயைக் குறைச்சுக்கலாம். நீர் பிரியற மாத்திரை சாப்பிடறவங்க அதை எந்த நேரத்துக்கு மாத்திக்கறதுனு டாக்டர்கிட்டே முன்னாடியே கேட்டுக்கணும். நாமளா நிறுத்தக் கூடாது.

கரிசல் மண்ணும் ஓட்டை நாற்காலியும்

மறுநாள் காலையில காக்கா சிரிச்சுக்கிட்டே ஒரு நாற்காலியோட வந்தார். கேம்ப்ல கிடந்த பழைய மடக்கு கான்வாஸ் நாற்காலி. ராத்திரியோட ராத்திரியா நடுவுல வட்டமா வெட்டி, கிழியாம இருக்க ஓரமா தடிமனா தைச்சு வாங்கிட்டு வந்திருக்கார். கூடவே மசாய்க்காரங்க போர்த்திக்கற சிவப்புக் கட்டம் போட்ட 'ஷுகா' ரெண்டு.

நாங்க தங்கினது மாரா ரிசர்வை ஒட்டின கன்சர்வன்சியில. மசாய் மக்களோட சொந்த நிலம். வனவிலங்குக்காகக் குத்தகைக்கு விட்டிருக்காங்க. ரிசர்வுக்குள்ள குறிப்பிட்ட இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாதுங்கறது விதி. கன்சர்வன்சியில கைடு துணையோட இறங்க முடியும். அதனால முதல் ஒத்திகை அங்கேயே.

நான் ஒரு பெரிய புதரைக் காட்டி, "அதுக்குப் பின்னாடி மறைவா இருக்கும்"ன்னேன். காக்கா தலையில அடிச்சுக்கிட்டார். "அது மறைவுதான். உங்களுக்கு முன்னாடியே எருமையோ, சிங்கமோ அதே மறைவுல படுத்திருக்கும்!"

அதாவது நம்ம ஊர் லாஜிக் அங்கே அப்படியே தலைகீழ். ஒதுங்கறதுக்கு நாம மறைவு தேடுவோம். அங்கே தேட வேண்டியது வெட்டவெளி. புல் குட்டையா, நாலு பக்கமும் தூரம் வரைக்கும் தெரியணும். தண்ணி ஓரம் கூடாது, நீர்யானை வரும். கரையான் புத்து, மண்ணுல பெரிய பொந்து பக்கம் கூடாது. பொந்துக்குள்ளேயிருந்து காட்டுப்பன்னி பீரங்கி குண்டு மாதிரி வெளியே வரும். மறைவுக்கு வண்டி மட்டும்தான். வண்டியை விட்டு ஒரு கை தூரத்துக்கு மேல போகவே கூடாது.

காக்கா முதல்ல அந்த இடத்தை வண்டியிலேயே ஒரு வட்டம் அடிச்சார். பைனாகுலர்ல நாலு பக்கமும் பார்த்தார். தான் மட்டும் இறங்கி, எறும்பு, முள் இருக்கானு தரையைப் பார்த்தார். அப்புறம்தான் சிக்னல். ஒரே பக்கத்துல இருந்த முன் கதவையும் பின் கதவையும் திறந்து வெச்சதும், நடுவுல ஒரு குட்டி ரூம் ரெடி. திறந்த பக்கத்துக்கு ஷுகா. ஸ்டூல் மேல கால் வெச்சு அவ இறங்கினா, கதவுச் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டே ரெண்டு அடியில நாற்காலி.

எல்லாம் பிளான் பண்ணினபடி. அவ உட்கார்ந்தா. நாற்காலியோட வலது கால் ரெண்டும் சதக்னு மண்ணுக்குள்ள!

மாராவுல நிறைய இடம் கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கம் இருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, முந்தின நாள் லேசா மழை பெய்ஞ்சிருந்தா போதும். நான் ஷுகாவை விட்டுட்டு அவளைப் பிடிக்க, ஷுகா காத்துல பறக்க, அம்பது அடி தள்ளி மூணு வரிக்குதிரை மேயறதை நிறுத்திட்டு எங்களையே பார்க்க... அவ சிரிக்க ஆரம்பிச்சா பாருங்க. ஹாஸ்டல் சாம்பார்ல பருப்பைக் கண்ட அதே சிரிப்பு. "படம் பிடிக்கச் சொல்லுடி, வரிக்குதிரைங்க டூர் வந்திருக்கு!"

அடுத்த தடவையிலேர்ந்து, சேத்துல ஜாக்கிக்கு அடியில போடற மரப்பலகை நாற்காலிக்கு அடியில போச்சு. அதுக்கப்புறம் ஆடவே இல்லை.

வண்டியில ஏறின பிறகு காக்கா ஒரு இடத்தைக் காட்டினார். ஒரே இடத்துல குவியலா சாணம். காண்டாமிருகத்தோடது. ஒரு ஏரியாவுல இருக்கற காண்டாமிருகம் எல்லாம் அதே குவியலுக்குத் திரும்பத் திரும்ப வந்து போகுமாம். வாசனையை வெச்சே யார் வந்தது, ஆணா பெண்ணானு மத்தது தெரிஞ்சுக்கும். அதாவது பொதுக் கழிப்பறையும் நோட்டீஸ் போர்டும் ஒண்ணு. கழுதைப்புலிக்கும் அப்படி ஒரு இடம் உண்டு. எலும்பையே மென்னு தின்கறதால அதோடது சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்கும். டிக்-டிக்னு ஒரு மான், முயலை விட கொஞ்சம் பெருசு, அதுக்குக்கூட தனி இடம்.

"பார்த்தியா? காட்டுல எல்லாருக்கும் டாய்லெட் இருக்கு. என்னைத் தவிர"ன்னா ரூம்மேட். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

கண்ணாடியைத் திருப்பின காக்கா

மூணாவது நாள் ரிசர்வுக்குள்ள. ஆகஸ்ட் மாசம்னா செரெங்கெட்டியிலேர்ந்து வந்த லட்சக்கணக்கான காட்டு மான் கூட்டம் மாரா நதியைக் கடக்கற சீசன். வைல்டபீஸ்ட்னு டிவியில பார்த்திருப்பீங்க. கரையில வந்து நிக்கும். குதிக்கும்னு நினைப்போம். திரும்பிடும். திரும்ப வரும். வண்டிங்க மணிக்கணக்கா காத்திருக்கும். நடுவுல எடுத்தா இடம் போயிடும். சுத்திலும் வேற வண்டிங்க. அம்பது மீட்டர்ல புல்லுக்குள்ள ரெண்டு பெண் சிங்கம். இறங்கற பேச்சுக்கே இடமில்லை.

பதினொரு மணிக்கு அவ என் கையைக் கிள்ளினா. அன்னிக்கு ஒழுங்கா தண்ணி குடிச்சிருந்தாளே!

"கிளம்பச் சொல்லட்டுமா?"னு கேட்டேன். பதில் சொல்லாம நதியையே பார்த்தா. சின்ன வயசுலேர்ந்து டிவியில பார்த்த இடம். இதுக்காகத்தானே வந்தோம்? அப்புறம் மெதுவா, "அந்தப் பையை எடு"ன்னா.

அந்த டயபர் பவுடர் பை. அதுல இருக்கறது சோடியம் பாலிஅக்ரிலேட். கெமிஸ்ட்ரி ஸ்டூடன்ட்ஸுக்குத் தெரிஞ்சிருக்கும். தன் எடையைப் போல பல மடங்கு தண்ணியை உறிஞ்சி ஜெல்லி ஆக்கிடும். சிந்தாது, நாத்தம் குறைவு.

நான் முன்னாடி குனிஞ்சு காக்கா தோளைத் தொட்டு, "டயர்..."னு இழுத்தேன். அவர் திரும்பவே இல்லை. கையை மேல கொண்டு போய், பின்பக்கம் பார்க்கற கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பி விட்டார். பைனாகுலரை எடுத்துக் கண்ணுல வெச்சுக்கிட்டு, எதிர்ப்பக்கம் பார்த்து சத்தமா லெக்சர் அடிக்க ஆரம்பிச்சார். சிங்கம் எப்படிக் கூட்டமா வேட்டையாடும், குட்டிங்களை யார் பார்த்துக்கும்னு பத்து நிமிஷம். நான் பக்கத்து வண்டிக்குத் தெரியாம ஷுகாவை ஜன்னல்ல கட்டினேன். அவ சுத்திக் கட்டற பாவாடை போட்டிருந்தா. புனல், பை, அஞ்சு நிமிஷம். வேலை முடிஞ்சது.

அவ "அசான்டே, காக்கா"ன்னா. நன்றினு அர்த்தம். கண்ணாடி பழைய இடத்துக்கு வந்தது. அதுல அவர் முகத்துல ஒண்ணுமே இல்லை. டயர் மாத்தின மாதிரிதான் இருந்தார்.

பன்னண்டே காலுக்கு முதல் மான் குதிச்சது. அப்புறம் நதியே தெரியலை. இருபது நிமிஷம் அவ ஒரு வார்த்தை பேசலை. கிளம்பியிருந்தோம்னா எதையும் பார்த்திருக்க மாட்டோம்.

போறவங்களுக்கு...

உங்க வீட்டுப் பாட்டிக்கு மூட்டு வலியா? ஃப்ரெண்ட் வீல்சேரா? அப்பா பைக்ல விழுந்து இடுப்புல பிளேட்டா? குத்த வைக்க முடியாத எல்லாருக்கும் இது பொருந்தும்.

* புக் பண்றதுக்கு முன்னாடியே வாய் விட்டுக் கேளுங்க. 'வீல்சேர் வசதி உண்டா'னு கேட்டா எல்லாரும் 'உண்டு'ம்பாங்க. பாத்ரூம் கதவு எத்தனை சென்டிமீட்டர், படி எத்தனை, பிடிச்சுக்க கம்பி இருக்கானு போட்டோ அனுப்பச் சொல்லுங்க.

* ஷேரிங் வண்டியை விட தனி வண்டி நல்லது. காசு கூடத்தான். ஆனா எப்ப நிறுத்தணும்னு உங்க கையில இருக்கும். சில கம்பெனிகள் லிஃப்ட் வெச்ச வண்டியே வெச்சிருக்காங்க, கேளுங்க.

* கைடுகிட்டே முதல் நாளே சொல்லிடுங்க. அவருக்கு இது தினமும் பார்க்கற வேலை. வெக்கம் நமக்குத்தான்.

* பசங்களுக்கு ஈஸினு நினைக்காதீங்க. ரெண்டு கையிலும் ஊன்றுகோல் இருக்கறவனுக்கு மூணாவது கை வேணும். வண்டியில முதுகைச் சாய்ச்சு நின்னுக்கலாம். இல்லைன்னா மூடி போட்ட யூரின் பாட்டில், உட்கார்ந்த இடத்துலேயே.

* கதீட்டர் போடறவங்க கணக்குக்கு மேல நாலஞ்சு செட், கை சுத்தம் பண்ற திரவம் எடுத்துக்கங்க. புழுதி அதிகம்.

* உபயோகிச்ச டிஷ்யூவைக் காட்டுல போடாதீங்க. கென்யாவுல பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு 2017லேயே தடை. 2020 ஜூன்லேர்ந்து காடு, பார்க்குக்குள்ள ஒரு தடவை உபயோகிக்கற பிளாஸ்டிக் பாட்டில், கப்புக்கும் தடை. மூடி இறுக்கமான ஒரு டப்பா போதும்.

* ராத்திரி கூடாரத்தை விட்டுத் தனியா வெளியே வராதீங்க. வேலி இல்லாத கேம்ப்ல காவலர் துணையோடதான் நடக்கணும். பாத்ரூம் உள்ளேயே இருக்கற கூடாரமா கேட்டு வாங்குங்க.

* இறங்கற வேலையே வேண்டாம்னா தென்னாப்பிரிக்காவோட க்ரூகர் பார்க் ஒரு நல்ல சாய்ஸ். முக்கியமான வழியெல்லாம் தார் ரோடு. சொந்தமா வண்டி ஓட்டிக்கிட்டே பார்க்கலாம். அங்கேயும் கண்ட இடத்துல இறங்கக் கூடாது. ஆனா வழியில டாய்லெட்டோட பிக்னிக் இடங்கள் உண்டு. ஸ்குகூசா, லோயர் சாபி மாதிரி பெரிய கேம்ப்கள்ல வீல்சேர்காரங்களுக்குனு மாத்திக் கட்டின அறைகளும் இருக்கு.

இதெல்லாம் சலுகை இல்லை மக்களே. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. ஒப்பந்தத்துல 30வது பிரிவே பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டுல பங்கெடுத்துக்கற உரிமையைப் பத்தித்தான். இந்தியா அதை 2007ல ஏத்துக்கிட்டது, கென்யா 2008ல. பேப்பர்ல உரிமை இருக்கு. ரோட்டோரத்துலதான் இல்லை.

இப்ப உங்க காலேஜ்லயும் டூர் லிஸ்ட் ஒட்டியிருப்பாங்க. பஸ்ல யார் பக்கத்துல யார், கடைசி சீட் யாருக்கு, என்ன பாட்டுனு சண்டை நடந்துக்கிட்டு இருக்கும். அந்த லிஸ்ட்ல ஒரு பேர் கடைசி நேரத்துல அடிக்கப்படும். 'ஜுரம்', 'வீட்டுல விடலை', 'எனக்கு இன்ட்ரெஸ்ட் இல்லை'னு ஏதாவது ஒரு காரணம் வரும். நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டு ஓடிடாதீங்க. ஒரு நிமிஷம் உட்கார்ந்து, "ஏன்?"னு கேளுங்க. பதில் ஒரு மடக்கு நாற்காலியும், ரெண்டு துப்பட்டாவும், கூட நிக்க ரெண்டு ஃப்ரெண்டுமா இருக்கலாம். அவ்வளவுதான். நானூறு ரூபாய் சமாசாரம். அதுக்காக நாங்க இருபது வருஷம் வேஸ்ட் பண்ணினோம்.

ஊருக்குத் திரும்பற அன்னிக்கு நைரோபி ஏர்போர்ட்ல காக்கா அவ பாட்டிலை வாங்கி ஆட்டிப் பார்த்தார். காலி. திருப்தியா தலையாட்டினார். அவ கைப்பையிலேர்ந்து ஒரு சாவியை எடுத்து, அதுல மாட்டியிருந்த கீ செயினை மட்டும் கழட்டி அவர் கையில வெச்சா. பெயின்ட் உதிர்ந்து போன ஒரு முதுமலை யானை.

"இது இந்தியா யானை. காது சின்னதா இருக்கும்"னு விளக்கம் வேற!

அடுத்த முதுமலை டிரிப்புக்கு வர்ற டிசம்பர்ல தேதி குறிச்சாச்சு. நாற்காலி என் பொறுப்பு.

சரி, ரொம்ப நேரமா உட்கார்ந்து எழுதிட்டேன். அடுத்த வாரம் பார்ப்போம். கொஞ்சம் டயர் செக் பண்ணிட்டு வந்துடறேன்!